ரெட்டைக்குரல் குருவி

நவம்பர் 4

என் கட்டெறும்புக்கு உன் பாட்டி எழுதுவது,

இந்த வீட்டில் எல்லோரும் உண்டு உறங்கி நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் நம்புவேன்.

முதலில் நல்ல சேதிகள். திட்டு பின்னால் வருகிறது. லிஃப்ட் கம்பெனியில் உன் அண்ணனை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். இனிமேல் அவன் கையில் கிரீஸ் படாதாம், அடுத்தவன் கையில் படுவதை நின்று பார்ப்பானாம். உன் அத்தை மகள் பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம் தேறிவிட்டாள். வந்த உடனே என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இருக்கிறதே நாலு, அதுலயும் ரெண்டு ஆடுது" என்றாள். பெரிய டாக்டராக வருவாள், ஒளிவுமறைவே கிடையாது. அவள் தம்பி சின்னவன் பள்ளிக்கூட நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவனுக்குக் கால் நீளமாம். அதெல்லாம் போங்காட்டம் என்று நான் சொல்லிவிட்டேன்.

எல்லாருக்கும் மேலே நீ. காட்டில் போய் நின்று, காதாலேயே கேட்டு, இது இன்ன குருவி என்று எழுதிக் கொடுக்கிற வேலை. மாடி வீட்டு டெய்லரம்மாவிடம் சொன்னேன். "அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டாள். வயிற்றெரிச்சல், வேறென்ன.

இப்போது திட்டு. "போன்ல பாட்டிக்குச் சரியா கேக்கலை, இனிமே கடிதம் எழுதிக்கலாம்" என்று நீ அனுப்பிய செய்தியை உன் அம்மா படித்துக் காட்டினாள். எனக்கு எங்கேடி கேட்கவில்லை? தறிக்கூடத்தில் அத்தனை வருஷம் நின்றவளுக்குக் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதானே. கோபமாகத்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் காலத்தில் எந்தப் பேத்தி ஒரு கிழவிக்காகப் பேனாவை எடுக்கிறாள்? கோபம் போய்விட்டது. அஞ்சாவது வரைக்கும் படித்ததற்கு இப்போதுதான் பலன்.

நீ தேடுவது என்ன குருவி? டெய்லரம்மாவிடம் சொல்ல எனக்கு விவரம் வேண்டும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
பாட்டி


நவம்பர் 21

அன்புள்ள பாட்டிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்கால் வலி எப்படி? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். குருவி விவரம் இதோ, டெய்லரம்மாவுக்குப் புரிகிற மாதிரியே எழுதுகிறேன்.

உங்கள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மேலே பச்சை, கீழே மங்கலான வெள்ளை, கண்ணுக்கு மேல் ஒரு வெளிர் கோடு. குளிர் தேசத்திலிருந்து மழைக்குப் பிறகு வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போய்விடும். மர உச்சியில் இலைக்கு இலை தாவிப் பூச்சி பிடித்துக்கொண்டே இருக்கும், ஒரு நொடி நிற்காது. இலைக்குருவி என்று பெயர். அதில் இரண்டு வகை. பார்த்தால் வித்தியாசமே தெரியாது, தினம் பார்க்கிற எங்களுக்கே தெரியாது. குரல்தான் வேறு. சாதாரண வகை "ச்வீ" என்று ஒரு முறை சொல்லும், அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஒத்தை. அபூர்வமான வகை "ட்சி-ச்வீ" என்று சொல்லும். முன்னால் ஊசி மாதிரி மெல்லியதாக ஒரு சத்தம், அதை ஒட்டியே இன்னொன்று. அது ரெட்டை. உலகத்திலேயே ரெட்டை கொஞ்சம்தான் மிச்சம்.

நான் இருக்கிற ஏரிக்கரைக் காட்டை வெட்டிவிட்டு லாரிக் கிடங்கு கட்டப் போகிறார்கள். ரெட்டை இங்கே தங்குகிறது என்று எங்கள் கணக்கு சொன்னால் வெட்ட முடியாது. இல்லை என்றால் வெட்டலாம். வருஷக் கடைசியில் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுத் தலைவர் வேறு காடுகளையும் பார்க்க வேண்டியிருப்பதால் இந்தக் காடு முழுக்க என் பொறுப்பு. துணைக்கு ஒரு வனக்காவலர் வருகிறார், அவரை கார்டு அண்ணன் என்று கூப்பிடுகிறேன்.

இதுவரை கேட்டதெல்லாம் ஒத்தைதான். பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டெறும்பு


டிசம்பர் 3

என் தங்கத்துக்கு,

உன் கடிதம் வந்ததும் முழங்கால் வலி பாதியாகிவிட்டது. மீதிப் பாதிக்குத் தைலம் தேய்க்கிறேன், போதுமா?

கடிதத்தை டெய்லரம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். "அப்போ ஒரு காடே உங்க பேத்தி காதை நம்பித்தான் நிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னாளடி! அவள் ஊசியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து வாட்ச்மேன், பால் போடுகிறவர், கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற பேங்க்காரர், எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தறிச் சத்தத்தில் என் காது போனது. அதற்கு வட்டியும் முதலுமாக உனக்குக் கொடுத்திருக்கிறான் ஆண்டவன்.

உன் அப்பனுக்குத்தான் குறை. "அவ என் போனையும் எடுக்க மாட்டேங்கிறா, மெசேஜ்தான் போடறா" என்கிறான். "காட்டுல சிக்னல் இருக்காதுடா" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். பெற்றவனுக்கும் ஒரு வார்த்தை பேசு.

ரெட்டை கிடைத்ததும் முதலில் எனக்கு எழுது.

உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கும்,
பாட்டி


ஜனவரி 6

பாட்டிக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கே எல்லாரும் நலம்தானே.

கணக்கைக் கொடுத்துவிட்டேன். ரெட்டை இல்லை, எல்லாம் ஒத்தை. தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

கார்டு அண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. போன வாரம் ஒரு மரத்தைக் காட்டி, "அது ரெண்டா சொல்லுதேம்மா" என்றார். "இல்லண்ணே, ஒண்ணுதான். இன்னொண்ணு பக்கத்து மரத்துல இருந்து வருது" என்றேன். "நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஆனால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

பாட்டி, ஒன்று கேட்கிறேன். சும்மாதான். உங்களுக்குக் காது மந்தமாகிறது என்று முதலில் எப்படித் தெரிந்தது?

உங்கள்
கட்டெறும்பு


ஜனவரி 14

கட்டெறும்புக்கு,

ரெட்டை இல்லாவிட்டால் போகட்டும், நீயா அதைக் கையில் பிடித்துக் கொண்டுவர முடியும்? இல்லாததை இல்லை என்று சொல்லவும் ஒரு காது வேண்டுமே. டெய்லரம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். "காடு போயிடுமா?" என்றாள். "என் பேத்தி சொன்னா அது கணக்கு" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

காதைப் பற்றிக் கேட்டாயே. தறிக்கூடத்தில் யாருக்கும் தெரியாதுடி! அங்கே எவரும் காதால் பேசுவதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. சத்தமே இல்லாமல் நாங்கள் மேஸ்திரியைத் திட்டுவோம், அவரும் சிரித்துக்கொண்டே போவார். வீட்டில்தான் தெரிந்தது. குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்திருக்கும், நான் பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். உன் தாத்தா ஓடி வந்து அடுப்பை அணைப்பார். மெல்லிசுச் சத்தம்தான் முதலில் போகும். லாரி சத்தம் கேட்கும், குழந்தை சிணுங்குவது கேட்காது. எதிரில் இருப்பவர் பேசுவது பாதி கேட்கும், மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்வோம். எல்லாம் கேட்ட மாதிரியே இருக்கும். அதுதான் அதில் உள்ள மோசம்.

ஏன் கேட்டாய்? என்னை வைத்து ஏதாவது கட்டுரை எழுதப் போகிறாயா? எழுது, பேரைப் பெரிய எழுத்தில் போடு.

அன்புடன்
பாட்டி


பிப்ரவரி 10

கண்ணு,

நீ பதில் போட்டு எத்தனை நாள் ஆகிறது? தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை அந்தப் பக்கமாகத் திருப்புகிறார்.

உன் அண்ணன் வேலை விஷயமாக உன் ஊர்ப் பக்கம் போனவன், உன்னையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வந்ததும் ஒரே புலம்பல். "அவளுக்குத் திமிர் ஏறிடுச்சு பாட்டி. பின்னாலேர்ந்து மூணு தடவை கூப்பிடறேன், திரும்பவே இல்ல. முன்னால போய் நின்னதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிக்கிறா. அடுப்புல கெட்டில் கத்திட்டே இருக்கு, பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்கா. நான் என்ன கேட்டாலும் ஆமாங்கிறா. எப்போ வீட்டுக்கு வர்றேன்னு கேட்டேன், அதுக்கும் ஆமாங்கிறா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் அறைக்குப் போய் உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். போனை நிறுத்தியது நீ. அப்பனிடம் பேசாதது நீ. காது மந்தம் எப்படித் தெரிந்தது என்று கேட்டதும் நீ.

கெட்டில் கத்தும்போது நீ உன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்றால், எதைப் பார்த்தாய்? அவன் உதட்டையா?

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் இப்படித்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

கட்டெறும்பு, உனக்குக் கேட்கவில்லையா?

இதை யாருக்கும் காட்டவில்லை. எழுதி, நானே கவரை ஒட்டி, நானே படியிறங்கிப் போய்த் தபாலில் போடுகிறேன்.

பாட்டி


பிப்ரவரி 19

பாட்டி,

ஆமாம்.

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

கணக்கைக் கொடுக்கிற வரைக்கும் எனக்கே தெரியாது, இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். போன் சரியாகக் கேட்காதபோது போனைத்தான் குறை சொன்னேன். உங்களையும் குறை சொன்னேன், உங்களுக்குக் கேட்கவில்லை என்று. ஜனவரி நடுவில் ஒரு காலை. ஒரு குருவி ஆச்சரியமாகக் கீழே, என் கண் மட்டத்தில் இருந்த கிளைக்கு இறங்கி வந்தது. பைனாகுலரில் அதன் தொண்டை துடிப்பதுகூடத் தெரிந்தது. குரல் கொடுத்தது. அலகு இரண்டு முறை திறந்தது. எனக்கு ஒரு முறைதான் கேட்டது.

மறுபடியும் கூவியது. அலகு இரண்டு முறை, சத்தம் ஒன்று. கார்டு அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டி, ரெட்டையின் முதல் சத்தம்தான் மெல்லியது. அது எனக்குக் கேட்பதில்லை. அது போய்விட்டால் மிச்சம் இருப்பது அசல் ஒத்தை மாதிரியே இருக்கும். நான் ஒத்தை என்று எழுதியதில் எத்தனை ரெட்டையோ, எனக்குத் தெரியாது. ஒன்றும் இருக்கலாம், அத்தனையுமாகவும் இருக்கலாம்.

டவுனில் டாக்டரிடம் போனேன். நரம்புதானாம். கீச்சென்ற உச்சச் சத்தம் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் போகுமாம், திரும்ப வராதாம். காரணம் தெரியவில்லை என்கிறார்.

மரங்களுக்குச் சிவப்பு பெயிண்டால் குறி போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் குருவிகள் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால், இருந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நான் தப்பாக எழுதினேன் என்றும் நிரூபிக்க முடியாது. தினமும் தலைவருக்குச் சொல்ல வேண்டும் என்று கிளம்புகிறேன், பாதி வழியில் திரும்பிவிடுகிறேன். சொன்னால் இந்த வேலை போய்விடும். காது கேட்காதவளுக்கு இதில் எந்த இடமும் இல்லை. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

என்ன செய்யட்டும் பாட்டி?


பிப்ரவரி 24

என் கண்ணே,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன் அம்மாவிடம் வயிறு சரியில்லை என்றேன். உன்னை வந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, இந்த முழங்கால் விடவில்லை.

நான் சொல்வதைக் கேள். வாயைத் திறக்காதே. நீ தெரிந்து செய்த தப்பு இல்லை. கொடுத்த கணக்கு கொடுத்ததாகவே இருக்கட்டும். வேலைக் காலம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடு. நல்ல டாக்டராகப் பார்ப்போம், யாருக்கும் தெரிய வேண்டாம். காது மந்தம் என்று ஒரு தடவை வெளியே தெரிந்துவிட்டால், அப்புறம் நீ என்ன படித்தாய், என்ன சாதித்தாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நாம் அறையில் இருக்கும்போதே நம்மைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குத் தெரியும்.

குருவிக்கு வேறு மரம் கிடைக்கும். உனக்கு வேறு பேர் கிடைக்குமா? உன்னைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சாப்பிடு. தூங்கு. கண்ணைக் கசக்காதே.

உன் பக்கம் நிற்கும்,
பாட்டி


மார்ச் 1

கட்டெறும்புக்கு, அவசரம்.

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், அது வருவதற்கு முன் வந்து சேர்ந்தாலும் சேரும். உன் அப்பனை விட்டு மெசேஜ் போடச் சொல்லலாம்தான். அவன் எதற்கு என்று கேட்பான், அதைச் சொல்ல வேண்டியவள் நீ.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் டெய்லரம்மா தன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். வாய் நிறைய குண்டூசி. நான் உதட்டைப் பார்த்துத்தானே பேச்சைப் பிடிப்பேன்? ஊசியைக் கவ்விக்கொண்டிருக்கிற உதடு எப்படி அசையும்? மறுபடி சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. "சரி சரி" என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு பால்கனிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது, "பட்டன் கடைக்குப் போயிட்டு வந்துடறேன், இவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்பது. குழந்தையை ஹாலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அது கூப்பிட்டிருக்கும், அழுதிருக்கும், அதுவும் எனக்குத் தெரியாது. திறந்த கதவு வழியாகப் படி இறங்கிவிட்டது. கீழே ஒரு சிமெண்ட் லாரி வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் கேன் போடுகிற ஆள் கேனைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழந்தையை வாரி எடுத்திருக்கிறார். பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். யாரோ ஒருவர் குழந்தை என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன், கட்டெறும்பு.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் சின்னச் சிராய்ப்பு.

டெய்லரம்மா படியில் நின்று கத்தினாள். "பாத்துக்கறேன்னு தலையாட்டினீங்களே! நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்!"

"எனக்குக் கேக்கலம்மா" என்றேன்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவ்வளவுதான் கேட்டாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காது கேட்காததால் லாரிக்கு முன்னால் குழந்தை போகவில்லை. நான் தலையை ஆட்டியதால் போனது. நீ எழுதிக் கொடுத்தாயே, எல்லாம் ஒத்தை என்று. அதை எழுதியபோது உனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இனிமேல் நீ சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் தலையாட்டுகிற நாள். உன்னைச் சும்மா இருக்கச் சொன்னவள் நான்தான்.

போய்ச் சொல்லு. வேலை போனால் போகட்டும், வீட்டில் உனக்கு ஒரு தட்டும் ஒரு பாயும் இருக்கிறது. குருவி கிளம்புவதற்குள் போய்ச் சொல்லு.

பாட்டி


மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். குழந்தையின் முழங்கை ஆறிவிட்டதா?

முதலில் வந்தது உங்கள் முதல் கடிதம்தான். உண்மையைச் சொல்கிறேன், அதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பாட்டியே சொல்லிவிட்டார்கள் என்று பையில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். ஓடைப் பக்கத்து மரங்களில் குருவிகள் வெறி பிடித்த மாதிரி தின்றுகொண்டிருந்தன. கிளம்புவதற்கு முன் அப்படித்தான் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். அந்த மரங்களின் அடியிலும் சிவப்புக் குறி. ரொம்ப நேரம் நின்றேன். பிறகு திரும்பி நடந்து, பஸ் பிடித்து, தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உங்கள் கூரியர் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதனால் உங்கள் பேச்சைக் கேட்டேன் என்று சொல்வதா, மீறினேன் என்று சொல்வதா, நீங்களே முடிவு பண்ணுங்கள்.

தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "உன் கணக்காச்சேன்னு நம்பித்தான் ஒரு தடவைகூட நான் காட்டுக்கு வந்து காது குடுத்துக் கேக்கல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் சொன்னது ஒன்றும் தெரியாது.

ஆனால் மறுநாளே ஒலி பதிகிற பெட்டிகளோடு வந்துவிட்டார். அவற்றை மரங்களில் கட்டினோம். அது சத்தத்தைப் பதிந்து கம்ப்யூட்டரில் கோடாக வரைந்து காட்டும். ஒத்தை என்றால் ஒரு கோடு. ரெட்டை என்றால் இரண்டு. அதற்குள் சாலைப் பக்கம் மரம் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் நாள் பதிவு முழுக்க ரம்பச் சத்தம், திரையே கறுப்பாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. குருவிகள் போய்விட்டன என்றுதான் நினைத்தோம். தலைவர் என்னிடம் பேசவில்லை. கார்டு அண்ணன்தான் டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் அறுப்பு தொடங்குவதற்கு முன் விடியற்காலைப் பதிவு. ஓடைப் பக்கத்துப் பெட்டி. திரையில் ஒரு கோடு வந்தது. அதற்கு முன்னால், மேலே, மெல்லியதாக இன்னொன்று. எனக்குக் கேட்காமலே போனது அங்கே படமாக நின்றது. பிறகு வரிசையாக வந்தது பாட்டி. ஓடை நெடுக. நான் ஒத்தை என்று எழுதிய அதே மரங்கள். தலைவர் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

தலைவர் அந்தப் பதிவுகளை அனுப்பி வைத்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சாலைப் பக்கத்து மரங்கள் போய்விட்டன, அது என் கணக்கால் போனது. ஓடைப் பக்கம் நிற்கிறது. எப்போதைக்குமா, அதிகாரிகளின் அடுத்த விசாரணை வரைக்குமா, தெரியவில்லை. குருவிகள் போன வாரம் கிளம்பிவிட்டன.

கேட்டு எழுதுகிற கணக்கில் இனி எனக்கு இடம் இல்லை. அந்தக் கோடுகளைப் படிக்க ஆள் வேண்டியிருக்கும், பார்க்கலாம் என்கிறார் தலைவர். உறுதி ஒன்றும் சொல்லவில்லை.

காது மெஷின் வாங்கிவிட்டேன். போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனேன். காய்ந்த இலை மேல் நடந்தால் சத்தம் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ரெட்டையின் முதல் சத்தம் மட்டும் இதிலும் வராதாம், டாக்டர் சொல்லிவிட்டார். அது அவ்வளவுதான்.

அப்பா அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதி இதே தபாலில் போட்டிருக்கிறேன். உங்களை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. டெய்லரம்மாவிடம் இனி என்ன சொல்வீர்கள்?

உங்கள்
கட்டெறும்பு


மார்ச் 26

என் மகாராணிக்கு,

எல்லோரும் சௌக்கியம். என் முழங்காலும் சௌக்கியம், டெய்லரம்மா பேத்தியின் முழங்கையும் சௌக்கியம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உன் அப்பன் உரக்கப் படித்தான். பாதியில் அவனால் முடியவில்லை, உன் அம்மா வாங்கிப் படித்தாள். உன் அண்ணன் எழுந்துபோய்க் கை கழுவினான். சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை, கையை மட்டும் கழுவினான். "திமிர்னு சொல்லிட்டேனே பாட்டி" என்றான். "அவளைப் பாத்ததும் முன்னால போய் நின்னு பேசு, அது போதும்" என்றேன்.

டெய்லரம்மாவிடம் என்ன சொல்வேன் என்று கேட்டாய். மறுநாள் காலை நானே மாடி ஏறிப் போனேன். குழந்தை விஷயத்துக்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் வாயில் இருந்த குண்டூசியைத் துப்பச் சொல்லிவிட்டு, ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்போ உங்க பேத்திக்குக் காது கேக்காதா?" என்றாள்.

"முழுசா கேக்காது."

"அவ எழுதினது தப்புக் கணக்கா?"

"தப்புக் கணக்குதான். பாதிக் காடு அதுல போயிடுச்சு. மீதிக் காடு, தப்புன்னு அவளே போய்ச் சொன்னதால நிக்குது. எனக்குக் கேக்கலை, நான் எழுதினது தப்புன்னு இந்தக் கட்டடத்துல எவ போய்ச் சொல்லுவா? நான் சொன்னேனா? ஒரு குழந்தை லாரிக்கு முன்னால போற வரைக்கும் சொன்னேனா?"

அவள் கொஞ்ச நேரம் தையல் மெஷினை ஓட்டினாள். அப்புறம் நிறுத்திவிட்டு என் பக்கமாக முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்தேன்.

அந்த வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, ஒரு தடவை வந்துவிட்டுப் போ. போனில் பேசலாம் என்று மட்டும் சொல்லாதே. இரண்டு செவிடுகள் போனில் பேசினால் நடுவில் இருக்கிற கம்பெனிக்காரன்தான் பிழைப்பான். நீ எழுது, நான் எழுதுகிறேன்.

இன்னொரு காரியம் செய்ய வேண்டும். கூடத்தில் உன்னுடைய பட்டம் வாங்கின படத்தைக் கழற்றி என் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அதில் நீ யாரோ மாதிரி இருக்கிறாய். எனக்கு உன்னுடைய புதுப் படம் ஒன்று வேண்டும். அந்த ஓடைப் பக்கம், சிவப்புக் குறி போட்ட ஒரு மரத்தடியில் நின்று எடுத்துக்கொள். கார்டு அண்ணனையே எடுக்கச் சொல்லு. முடியை இறுக்கிப் பின்னிக்கொள், மெஷின் மாட்டின காது முன்பக்கம் வரும்படி நில், வருகிறவர்கள் வாசலிலிருந்தே பார்க்க வேண்டும். செல்போனில் அனுப்பிவிட்டுத் தப்பிக்காதே. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.

உன் பாட்டி